தெருவைவிடத் தாழ்ந்துபோன இரண்டாம் கட்டு: பழைய தரையை எடுத்துப் புதுசு போடும்போது ஓதத்தை என்ன செய்வது?

பின்கட்டு (இழையைத் தொடங்கியவர்)

காரைக்குடி வட்டாரத்துப் பழைய வீடு. தெருவை ஒவ்வொரு தடவையும் பெயர்க்காமல் மேலேயே போட்டுப் போட்டு, இப்போது இரண்டாம் கட்டுத் தரை பக்கத்துச் சந்தைவிட 10 அங்குலம் கீழே கிடக்கிறது. அறை 12க்கு 15 அடி. தரையில் பழைய ஆத்தங்குடிக் கல் (கையால் வார்த்த பூப்போட்ட சிமென்ட் டைல்). பாதிக் கல்லில் வெள்ளையாக உப்புப் பூத்து, நிறம் செதில் செதிலாக உதிர்கிறது. சுவரில் மூன்றடி உயரத்தில் பூச்சு பொரிந்து விழுகிறது. அதற்குக் கீழே ஒருகாலத்தில் சிமென்ட் பூசியிருக்கிறார்கள்.

கொத்தனார் சொல்லும் யோசனை: கல்லை எல்லாம் எடுத்துவிட்டு 3 அங்குலக் கான்கிரீட், அதன்மேல் வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் இரண்டு கை, அப்புறம் விட்ரிஃபைட் டைல்ஸ். பத்து நாள் வேலையாம். ஒத்துக்கொள்ளலாமா?

கரண்டிக்காரர்

வேண்டாம் அண்ணே. தரை நல்லா இருக்கும், சுவர் போயிடும்.

இப்ப மண்ணிலிருந்து ஏறுற ஈரத்துல பெரும்பகுதி தரை வழியாத்தான் ஆவியாகிப் போகுது. ஆத்தங்குடிக் கல்லும் அடியில இருக்கிற சுண்ணாம்புக் கலவையும் மூச்சு விடுற சாமான். விட்ரிஃபைட் டைல் அரை சதவீதத்துக்கு மேல தண்ணி குடிக்காது. அதைப் போட்டு மூடினா அந்த ஈரம் எங்கே போகும்? பக்கவாட்டுல நகர்ந்து சுவரைப் பிடிக்கும். பழைய சுவர்ல ஓதத் தடுப்புன்னு ஒரு வரிசையே கிடையாது, சுண்ணாம்புல கட்டின செங்கல், தண்ணியைத் திரி மாதிரி இழுக்கும். இன்னைக்கு மூணடியில நிக்கிற பொரி அடுத்த வருஷம் நாலடிக்கு ஏறும்.

உங்க சுவர்ல ஏற்கெனவே இதுதான் நடந்திருக்கு. கீழே சிமென்ட் பூசினதால ஈரம் அங்க வெளியேற முடியாம, சிமென்ட் முடியுற இடத்துல வந்து பொரியுது.

ஈரமானி

கரண்டிக்காரர் சொல்வது சரி. ஆனால் எதை எப்படிப் போடுவது என்று பேசுவதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். ‘ஓதம்’ என்று ஒரே பெயரில் சொல்வது மூன்று வெவ்வேறு சங்கதி: மண்ணிலிருந்து ஏறுவது, எங்கோ ஒழுகுவது, காற்றிலிருந்து படிவது. மருந்து மூன்றுக்கும் வேறு.

பாலிதீன் சோதனை: ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான, ஒளி ஊடுருவும் ஷீட். தரையைத் துடைத்துக் காயவிட்டு, நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு முழுநாள் விடுங்கள். ஷீட்டுக்கு அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. மேற்பக்கம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். அறையில் ஒரே இடத்தில் செய்து முடிவு கட்டாதீர்கள். நடுவில் ஒன்று, சந்துப் பக்கச் சுவரோரம் ஒன்று, முற்றத்துப் பக்கம் ஒன்று.

காற்றின் ஈரத்தைக் குறைவாக எடைபோட வேண்டாம். வெளிக்காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். மழைவிட்ட நாளில் ஜன்னலை எல்லாம் திறந்துவைத்துத் தரை வியர்ப்பது இதனால்தான். அதற்குத் தரையை உடைப்பது வீண்.

சுவரைப் பாருங்கள். நான்கு சுவரிலும் ஒரே உயரத்தில் கோடு போட்டதுபோல் உப்பு நின்றால் மண்ணிலிருந்து ஏற்றம். ஒரு மூலையில் மட்டும், அதுவும் மேலிருந்து கீழ் வழிந்த சாயலில் இருந்தால் குழாயோ மேற்கூரைத் தாழ்வாரமோ. மழை பெய்த இரண்டாம் நாள் கூடி, கோடையில் அடங்கினால் வெளித்தண்ணீர். சித்திரை வெயிலிலும் அதே ஈரம் என்றால் சம்ப், கழிவுக்குழாய், கிணற்றடி ஆகியவற்றைச் சந்தேகியுங்கள்.

பின்கட்டு

மூன்று இடத்திலும் ஷீட் ஒட்டிப் பார்த்தாயிற்று. மேற்பக்கம் எங்குமே காய்ந்திருக்கிறது. நடுவில் அடிப்பக்கம் லேசான மங்கல். சந்துப் பக்கம் நல்ல துளிகள். முற்றத்துப் பக்கம்தான் அதிகம், ஷீட்டுக்கடியில் சொட்டே நிற்கிறது. மழை இல்லாத நாளில் செய்த சோதனை இது.

முற்றத்து மழை

முற்றத்துப் பக்கம் அதிகம் என்றதும் எனக்குத் தோன்றுவது வாய்க்கால். நம்ம பக்கத்து வீடுகளில் பலவற்றில் முற்றத்து நீர் தரைக்கு அடியிலேயே ஓடி வெளியே போகும். கருங்கல் வாய்க்காலாக இருக்கும், இல்லையென்றால் சுட்ட மண் குழாய். தெரு உயர்ந்தபோது அதன் வாய் மண்ணுக்குள் போயிருக்கும். வாய் அடைந்த வாய்க்கால் வாய்க்கால் இல்லை, வீட்டுக்கு அடியில் நீளமான தொட்டி.

சோதனை எளிது. வெளிவாயைத் தேடிக் களிமண்ணும் சாக்கும் வைத்து அடையுங்கள். முற்றத்துத் துவாரம் நிறையும்வரை தண்ணீர் விட்டு, மட்டத்தில் பென்சில் கோடு. ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அரை அங்குலம் இறங்கினாலே ஒழுக்கு. எங்கே போகிறது என்று தெரிய, கோலத்துக்கு வாங்கும் கலர்ப்பொடி வேண்டாம், அது அடியில் தங்கிவிடும். கேசரிப் பவுடர் கரைத்து விடுங்கள். கிணற்றிலோ பக்கத்துச் சாக்கடையிலோ நிறம் வந்தால் பாதை தெரிந்துவிடும்.

ஒழுகினால் பழைய வாய்க்காலைச் சரிசெய்ய முயல வேண்டாம். தரை எப்படியும் தோண்டப்போகிறீர்கள், அதே பாதையில் 4 அங்குல பிவிசி குழாய் போட்டுவிடலாம். 100க்கு 1 சரிவு, அதாவது 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம். வெளி மட்டம் உயர்ந்துவிட்டதால் சரிவு கிடைக்காது என்றால், பின்பக்கம் தோட்டத்துக்குத் திருப்புங்கள். முன்பக்கம்தான் போக வேண்டும் என்று சட்டமில்லை.

இன்னொன்று, பலர் யோசிக்காதது: 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினபோது அவசரத்தில் சுவரை ஒட்டியே குழி வெட்டிய வீடுகள் உண்டு. மொட்டை மாடித் தண்ணீர் முழுக்க அஸ்திவாரத்துப் பக்கத்தில் இறங்கும். உங்கள் சந்துப் பக்கத்தில் அப்படிக் குழி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் குறைந்தது 10 அடி தள்ளி மாற்றுங்கள்.

பின்கட்டு

குழி இருக்கிறது. சுவரிலிருந்து இரண்டடி. வாய்க்காலும் ஒழுகுகிறது, ஒரு மணி நேரத்தில் இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது.

முற்றத்து மழை

அப்படியென்றால் தரைக்குக் காசு எடுத்து வைப்பதற்கு முன் இந்த இரண்டையும் முடியுங்கள். முடித்துவிட்டு ஆறு வாரமாவது காத்திருந்து மறுபடி ஷீட் ஒட்டிப் பாருங்கள். பாதி நோய் இங்கேயே தீரும்.

சுண்ணாம்புக் காரை

மீதிப் பாதிக்கு என் கணக்கு. 12×15 அறைக்கு, அதாவது 180 சதுர அடிக்கு, கீழிருந்து மேல்:

அடியில் கெட்டித்த மண், அதன்மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி). பிறகு 6 அங்குலம் 40 மி.மீ. கழுவிய ஜல்லி. தூசியும் சக்கையும் ஒரு கூடை கூடக் கலக்கக்கூடாது. இதுதான் முழு வேலையின் உயிர். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் வெற்றிடம் பெரிதாக இருந்தால் நீர் தானாக மேலே ஏற முடியாது, நுண்குழாய் ஏற்றம் அங்கேயே அறுந்துபோகும். தூசி கலந்தால் அந்த வெற்றிடம் அடைபட்டு மறுபடியும் திரியாகிவிடும். 90 கன அடி, ஒரு யூனிட் (100 கன அடி) சொல்லி வாங்குங்கள்.

அதன்மேல் இன்னொரு துணி, பிறகு 4 அங்குலம் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளம். தட்டி இறுகிய பின் 60 கன அடி வர, செங்கல் ஜல்லி 65 கன அடி, சுண்ணாம்பு 10 முதல் 11, சுருக்கி (சுட்ட செங்கல் பொடி) 20 முதல் 22. மொட்டை மாடிக்குப் போடும் 32க்கு 12½ என்ற சுண்ணாம்பு மட்டும் போட்ட கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். வெறும் சுண்ணாம்பு இறுகக் காற்று வேண்டும். மாடியில் அது கிடைக்கும், ஈரமான தரைக்கடியில் கிடைக்காது. மாதக்கணக்கில் தயிராகவே இருக்கும். சுருக்கி சேர்ந்தால்தான் நீருக்குள்ளும் இறுகும். சுருக்கி என்று கடையில் வருவதில் சிவப்பு மண் கலப்படம் உண்டு. ஒரு பிடியைத் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள், உடனே அடியில் தங்கிவிட வேண்டும். நெடுநேரம் கலங்கியே நின்றால் மண்.

மரக்கட்டையால் தட்டுவது மூன்று நாளாவது நடக்க வேண்டும். கட்டை துள்ளித் திரும்பும்வரை. இடையிடையே கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளிப்பது பழைய வழக்கம், தெளிக்கலாம். ஆனால் அது தட்டலுக்கு மாற்று அல்ல. பத்து நாள் ஈரச்சாக்கு, பிறகு குறைந்தது ஆறு வாரம் காயவிட வேண்டும்.

வீட்டில் இடித்த பழைய செங்கல்லை ஜல்லியாக்கிப் போட்டு மிச்சம் பிடிக்க நினைப்பார்கள். அந்தச் செங்கல் முழுக்க உப்பு. கையால் தரைக்கு உப்பூட்டுகிற வேலை.

மொத்தத் தோண்டல்: கல் முக்கால், கலவை ஒன்றரை, தளம் 4, ஜல்லி 6. பன்னிரண்டேகால் அங்குலம். தளர்ந்த மண்ணாக இரண்டேகால் யூனிட் வெளியே போகும். சுவரோரம் ஒரேயடியாகத் தோண்டாமல் நாலடி நாலடியாகத் தோண்டி நிரப்புங்கள். அதற்கு முன்னால் ஒரு மூலையில் சிறு குழி போட்டு அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். அஸ்திவாரத்தின் அடிக்குக் கீழே ஒரு அங்குலம்கூடப் போகக்கூடாது.

சைட் ஆபீஸ்

இவ்வளவு சுற்று எதற்கு? அடியில் ஜல்லி, அதன்மேல் 250 மைக்ரான் பாலிதீன், அதான் 1000 கேஜ். மேலே 4 அங்குலம் பிசிசி (கம்பி இல்லாத கான்கிரீட்). இணைப்பில் 6 அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று வைத்து டேப். ஓரத்தில் சுவர்மேல் 4 அங்குலம் மடக்கு. 180 சதுர அடி அறைக்கு 230 சதுர அடி ஷீட் போதும், செலவு சொற்பம். ஊரெல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள், தரையில் ஓதம் வருவதில்லை. சுண்ணாம்புத் தளம் போடத் தெரிந்த ஆளைத் தேடியே மூன்று மாதம் போகும்.

கரண்டிக்காரர்

புது வீட்டுக்கு நீங்க சொல்றது சரி சார். அங்க பேஸ்மட்டத்துல ஓதத் தடுப்பு வரிசை இருக்கு, ஷீட் அதோட போய்ச் சேருது. இரண்டும் சேர்ந்தாத்தான் குடை. இங்க சுவர்ல அந்த வரிசையே இல்லை. ஷீட் மட்டும் போட்டா குடையில துணி இருக்கு, ஓரம் இல்லைங்கிற கதை. தண்ணி எல்லாம் ஓரத்துல வடியும், ஓரம்தான் சுவர்.

சைட் ஆபீஸ்

ஒத்துக்கொள்கிறேன், ஓரம்தான் பிரச்சினை. அப்படியானால் நடுவில் ஷீட், சுவரைச் சுற்றி 9 அங்குலம் ஷீட் இல்லாமல் ஜல்லியும் சுண்ணாம்பும் மட்டும். அந்தப் பட்டை வழியாக ஈரம் வெளியேறட்டும். தானிய அறை, பீரோ வைக்கும் அறை ஆகியவற்றுக்கு இது பொருந்தும்.

சுண்ணாம்புக் காரை

அது நல்ல சமரசம். ஆனால் பின்கட்டு கேட்கிற அறைக்கு ஷீட்டே வேண்டாம் என்பேன். ஆத்தங்குடிக் கல்தான் மேலே வரப்போகிறது என்றால் அடியிலிருந்து மேல்வரை எல்லாமே மூச்சு விடட்டும். விட்ரிஃபைட் போடுவதாக முடிவென்றால் சைட் ஆபீஸ் சொன்ன 9 அங்குலப் பட்டை. பட்டையிலும் டைல் ஒட்டிவிடாதீர்கள், அப்புறம் பட்டை எதற்கு?

பூக்கல்

கல்லைப் பற்றி நான் சொல்கிறேன். பழைய கல் முக்கால்வாசி காப்பாற்றக்கூடியது. சுண்ணாம்புக் கலவையில் பதித்ததாக இருந்தால் ஓரக்கல் ஒன்றை மட்டும் உடைத்துவிட்டு, தட்டையான உளியை அடியில் படுக்கவைத்து நெம்பினால் அடுத்தடுத்து முழுசாக வரும். சிமென்டில் பதித்திருந்தால் பாதி உடையும். முதல் நாலு கல்லிலேயே தெரிந்துவிடும்.

எடுத்த கல்லின் முதுகில் வரிசை எண்ணை எழுதுங்கள். சாக்பீஸ் நனைந்தால் அழிந்துவிடும், ஆயில் பெயின்ட்தான் நிற்கும். பிறகு நல்ல தண்ணீர்த் தொட்டியில் செங்குத்தாக நிறுத்தி ஊறவையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றி, நாலைந்து முறை. உள்ளே போன உப்பு இப்படித்தான் வெளியே வரும். ஆசிட் ஊற்றித் தேய்க்கக் கூடவே கூடாது. இது சுடாத கல், மேல் நிறப்பூச்சே சிமென்ட்தான். ஆசிட் பட்டால் உப்போடு பூவும் போகும். தரையிலேயே இருக்கும் கல்லில் பூத்த உப்பையும் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். கரைந்து மறுபடி உள்ளே இறங்கும். காய்ந்த பிரஷ்ஷால் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள்.

புதுக்கல் வாங்குவதானால் 10க்கு 10 அங்குலத்தில் 259 கல் கணக்கு வரும், 280 வாங்குங்கள். மிச்சம் வீணில்லை, பின்னாளில் அதே நிறம் கிடைக்காது. வார்த்து, தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்தவுடன் லாரி ஏற்றிவிட்ட கல்லை வாங்காதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் பதித்த பின் அதுவே வெள்ளை பூக்கும், நீங்கள் தரையைக் குறை சொல்வீர்கள். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும்.

பதிக்கும் கலவை ஒன்றுக்கு ஆறு போதும். ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை மூட்டை சிமென்ட், 26 கன அடி கழுவிய எம்-சாண்ட். கையால் வார்த்த கல், கனம் கல்லுக்குக் கல் மாறும். அதனால் பசை போட்டு ஒட்டும் முறை இதற்கு ஒத்துவராது. கல்லின் முதுகை நனைத்து, சிமென்ட் பால் தடவி, ரப்பர் சுத்தியால் தட்டி ரசமட்டம் பாருங்கள். இரும்புச் சுத்தி மூலையை உடைக்கும். இடுக்கு ஒரு நூல் அளவு விட்டால் போதும். இடுக்கில் விட்ட வெள்ளைச் சிமென்டைக் காயும்முன் துடைத்துவிடுங்கள், காய்ந்தால் பூவின்மேல் நிரந்தர மூட்டம்.

கலவைக்கும் நனைப்புக்கும் எந்தத் தண்ணீர்? நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீர் வேண்டாம். எல்லோரும் மண்ணை மட்டும் குற்றவாளி ஆக்குவார்கள், பாதி உப்பு ஹோஸ் பைப் வழியாக வந்ததாக இருக்கும்.

பின்கட்டு

சுவரை என்ன செய்வது? தேக்கு நிலையின் அடியும் ஒரு பக்கம் செல்லரித்திருக்கிறது.

கரண்டிக்காரர்

அடியிலிருந்து, பொரி நிற்கிற கோட்டுக்கு மேலே ஒன்றரை அடி வரை, இருக்கிற பூச்சை முழுக்கச் செதுக்கி எடுங்க. செங்கல் இடுக்கை முக்கால் அங்குலம் கீறி, காய்ந்த பிரஷ்ஷால தட்டி, அப்படியே மூணு நாலு மாசம் நிர்வாணமா விடுங்க. பார்க்க அசிங்கம், ஆனா சுவர் காயுறது அப்பத்தான். அப்புறம் சுண்ணாம்பு ஒன்று, மணல் மூன்றுன்னு பூசி, வெள்ளைச் சுண்ணாம்பு அடிங்க. பிளாஸ்டிக் பெயின்ட், புட்டி ரெண்டும் வேண்டாம். மேலே பழைய முட்டைப் பூச்சு மினுமினுப்பா இருந்தா அதைத் தொடாதீங்க. அதுல ஒட்டுப் போட்டா ஒட்டு ஒட்டாத் தெரியும். சேர்ற இடத்துல ஒரு காடி கீறி நிறுத்திடுங்க.

முதல் பூச்சு இரண்டு மூணு வருஷத்துல உப்பைக் குடிச்சு உதிரலாம். அது உதிரணும்னு போடுறதுதான். மறுபடி பூசிக்கலாம். செங்கல் உதிர்றதுக்குப் பூச்சு உதிர்றது மேல்.

ஈரமானி

நிலைக்கு: அழுகிய அடியை மட்டும் வெட்டி எடுத்து, அதே தேக்கில் ஒட்டுக்கால் கொடுக்கலாம். புது அடி மண்ணைத் தொடாமல் கருங்கல் துண்டின்மேல் நிற்கட்டும். கரையான் மருந்து குளோர்பைரிபாஸ் 20 ஈசி என்றால் ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர். வீட்டுக்குள் குடிநீர்க் கிணறு இருந்தால் அந்தப் பக்கச் சுவரில் மருந்தே வேண்டாம். ஆறு அங்குல ஜல்லிக்கு மேல் கரையான் மண்புற்று கட்டி ஏறினால் தெரியும், அவ்வப்போது பார்த்துத் தட்டிவிடலாம்.

பின்கட்டு

தரையை இன்னும் உயர்த்திவிட்டால்? சந்து மட்டத்துக்கு 10 அங்குலம் ஏற்றினால் தோண்டலும் குறையுமே.

சுண்ணாம்புக் காரை

நிலையின் அடி புதைந்துபோகும், கதவை அறுக்க வேண்டும், சுவரில் ஓதக் கோடும் அதே 10 அங்குலம் மேலே ஏறும். அதைவிட வெளியே செலவழியுங்கள். சந்துப் பக்கம் சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்தில், உட்தரை மட்டத்துக்கு ஓரடி கீழ்வரை வாய்க்கால் வெட்டி, துணி விரித்து, துளையிட்ட 4 அங்குலக் குழாய், சுற்றிலும் 40 மி.மீ. ஜல்லி. அந்தக் குழாயும் 100க்கு 1 சரிவில் தோட்டத்துக்குப் போகட்டும். மேலே சிமென்ட் போட்டு மூடிவிடாதீர்கள், ஜல்லி திறந்தே கிடக்கட்டும். அந்தச் சுவருக்கும் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பார்த்துக்கொண்டுதான்.

முற்றத்து மழை

கால வரிசையும் சொல்லிவிடுகிறேன். வாய்க்கால், மழைநீர்க்குழி இரண்டும் தை மாதம். பங்குனி தொடக்கத்தில் தோண்டல், சித்திரைக்குள் சுண்ணாம்புத் தளம். வெயில் அதைக் காயவைக்கும். ஆனியில் கல். ஐப்பசி மழை வருவதற்குள் மூன்று மாதம் இருக்கும். ஆவணியில் தொடங்கினால் எல்லாம் நனைந்தபடியே மூடப்படும்.

பின்கட்டு

கல் பதித்த பிறகு சீலர் அடிக்கச் சொல்கிறார்கள். தேங்காய் எண்ணெய் தேய்ப்பதா, சீலரா?

பூக்கல்

முதல் மழைக்காலம் கழியும்வரை இரண்டும் வேண்டாம். தினம் வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும், மினுமினுப்பு தானாக ஏறும். கார்த்திகை முடிந்து உப்பு பூக்கவில்லை என்றால் தேங்காய் எண்ணெய் துளி தொட்ட துணியால் துடைக்கலாம். மேலே படலமாக நிற்கும் அக்ரிலிக் சீலர் ஈரத்தரையில் கொப்புளம் கட்டி உரியும். சீலர்தான் வேண்டும் என்றால் உள்ளே இறங்கும் சிலேன் வகை.

அதுவரை தரையில் ரெக்சின், கார்பெட் விரிக்க வேண்டாம். பீரோவைச் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி, அடியில் நாலு கட்டை கொடுத்து நிறுத்துங்கள். ஷீட் சோதனையை மார்கழியில் ஒருமுறை அதே மூன்று இடத்தில் செய்து பார்த்து இங்கே எழுதுங்கள்.